மூணே கால் அடி நிலையும் பதினாறடிப் படகும்

காரைக்குடியில உட்கார்ந்துக்கிட்டு பாய்மரப் படகு செய்யறேன்னு சொன்னா, யாரா இருந்தாலும் முதல்ல சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சுட்டு "கடல் எங்கப்பா இருக்கு?"ன்னு கேப்பாங்க. இருக்குங்க. தேவகோட்டை, திருவாடானை தாண்டினா தொண்டி. வண்டியில ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. என் பிரச்சினை கடல் இல்லை. எங்க வீட்டு நிலைக்கதவு.

செட்டிநாட்டு வீடு பார்த்தவங்களுக்குத் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூணாம் கட்டுன்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். வாசல்ல நின்னு பார்த்தா கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டுல, பின்வாசல் வெளிச்சம் வரை தெரியும். நீளத்துக்குப் பஞ்சமே இல்லை. அகலம்தான் சிக்கல். எங்க வீட்டு நிலையைத் திறந்து வச்சு அளந்தா சரியா 3¼ அடி. படகு செய்யணும்னு ஆசைப்பட்ட எனக்குக் கிடைச்ச முதல் டிசைன் விதி அதுதான். வளவுல என்ன வேணா செய்யலாம், அது மூணே கால் அடிக்குள்ள வெளிய வரணும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் படிச்சது சிவில் டிப்ளமோ. பிழைப்பு வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கறது. வீட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாதுன்னு இருபது வருஷமா வரைஞ்சுக்கிட்டு இருக்கற ஆள். 2020 லாக்டவுன்ல வேலை ஒண்ணும் இல்லாம, படகு கட்டற புத்தகங்களைப் படிக்க ஆரம்பிச்சு, அது அப்படியே பிடிச்சுக்கிச்சு.

சும்மா படகு இல்லை. வேகமாப் போகணும், விலை கம்மியா இருக்கணும், ஆசாரி வேலை தெரியாத ஒருத்தன் தன் வீட்டுலயே செய்யற மாதிரி இருக்கணும். இந்த மூணும் சேர்ந்த ஒரு பாய்மரப் படகை வரையணும்னு ஆசை.

ஏன் பிளைவுட்?

இதை முதல்ல கேட்டவர் எங்க பெரியப்பச்சி. (எங்க பக்கம் அப்பாவை அப்பச்சின்னு சொல்லுவோம்.) வளவு பங்காளிகளுக்கெல்லாம் பொது. அவர் சம்மதம் இல்லாம அங்க ஒரு ஆணி அடிக்க முடியாது.

"தூணெல்லாம் பர்மா தேக்கு நிக்குது. அந்த வீட்டுக்குள்ள அட்டைப்பலகையை வச்சுப் படகு செய்யறேங்கற. உனக்கே நல்லா இருக்காப்பா?"

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69ல எங்கயும் நிக்காம தனியா உலகத்தைச் சுத்தி வந்தாரே, அந்த 'சுஹைலி' படகு பம்பாயில தேக்கு மரத்துல கட்டினதுதான். நீளம் 32 அடி. உலகத்தைச் சுத்த பத்து மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா படகு உடையலை.

ஆனா தேக்குப் பலகை நார் ஓடற திசையிலதான் பலம். குறுக்க தட்டினா பிளந்துடும். அதனால பலகை தடியா இருக்கணும், உள்ள நிறைய விலா வைக்கணும், அதைச் சேர்க்க கைதேர்ந்த ஆசாரி வேணும். பிளைவுட்ல ஒரு அடுக்கு நீளவாக்கு, அடுத்த அடுக்கு குறுக்குவாக்கு. ரெண்டு பக்கமும் பலம். தேக்குப் பலகை தடியா செய்யற வேலையில பெரும்பகுதியை 6 மில்லிமீட்டர் பிளை செஞ்சுடும். கனம் குறைஞ்சா வேகம் தானா வரும், காசும் மிச்சம்.

சேர்க்கறதும் சுலபம். எங்க அப்பத்தா தையல் இலை தைக்கறதைப் பார்த்திருப்பீங்கள்ல, கிட்டத்தட்ட அதேதான். தையல்காரர் துணி வெட்டற மாதிரி பலகையை வெட்டிக்கணும். ஓரத்துல சின்னச் சின்ன ஓட்டை. அதுல செப்புக் கம்பியைக் கோத்து முறுக்கினா தட்டைப் பலகை வளைஞ்சு படகு வடிவத்துக்கு வந்துடும். உள்மூலையில எபாக்ஸியில மரத்தூள் குழைச்ச பசையை கரண்டி முதுகால தடவி, மேல ஃபைபர் கிளாஸ் துணிப்பட்டை ஒட்டணும். காய்ஞ்சதும் கம்பியை உருவிடலாம்.

இந்த முறையை உலகத்துக்குப் பரப்பினது 1962ல வந்த 'மிரர்'ங்கற குட்டிப் படகு. லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகை பின்னால நின்னு, ஜாக் ஹோல்ட்ங்கற படகு வடிவமைப்பாளரும், டி.வி.யில வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்த பேரி பக்னெல்லும் சேர்ந்து செஞ்சது. 11 அடிக்கு ஒரு ரெண்டு அங்குலம் கம்மி. 70,000க்கு மேல கட்டியிருக்காங்க. நிறைய பேர் வீட்டுக் கூடத்துலயும் கார் ஷெட்டுலயும் கட்டினது.

அவ்வளவு தூரம் கூட போக வேணாம். நம்ம முட்டம் இருக்கே, கன்னியாகுமரி மாவட்டம். 1980களோட தொடக்கத்துல அங்க பியர் ஜில்லேங்கற பெல்ஜியம் நாட்டு ஏசுசபை பாதிரியார் மீனவர்களுக்காக இதே தையல் முறையில பிளைவுட் படகு கட்ட ஆரம்பிச்சார். கட்டுமரத்துக்கும் குடைஞ்சு செய்யற வள்ளத்துக்கும் ஏத்த பெரிய மரம் கிடைக்கறது குறைஞ்சு, விலை ஏறிக்கிட்டே போன காலம். அதுக்குப் பதிலாத்தான் பிளைவுட். அப்புறம் அது குமரி, திருவனந்தபுரம் கரையோரமெல்லாம் பரவுச்சு. பின்னாடி ஃபைபர் படகு வந்து அந்த இடத்தைப் பிடிச்சுக்கிச்சுன்னு வைங்க. தன் அனுபவத்தை ஜில்லே 1985ல புத்தகமா எழுதினார். பேரு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சின்னது அழகானதுன்னு ஷூமாக்கர் 1973ல எழுதின புத்தகத்துக்கு இவர் கொடுத்த பதில் மாதிரி ஒரு தலைப்பு: சின்னது கஷ்டமானது.

அந்தத் தலைப்போட அர்த்தம் எனக்கு 2022ல புரிஞ்சது. கொஞ்சம் தாமதம்தான்.

முதல் படகு

முதல்ல நான் வரைஞ்சது 12 அடி நீளம், 3 அடி அகலம். தட்டை அடி, ஒத்தைப் படகு. நிலைக்கதவுல சும்மா வெண்ணெய் மாதிரி வெளிய வந்துச்சு. பெரியப்பச்சி கூட கைதட்டினார்.

வழக்கமா இந்த மாதிரி சின்னப் படகுல முன்னும் பின்னும், பக்கவாட்டுலயும் காத்து அடைச்ச பெட்டி வைப்பாங்க. தண்ணி ஏறினாலும் மிதக்கறதுக்காக. என் வரைபடத்துலயும் முதல்ல இருந்துச்சு. அதுக்கு 2 ஷீட் பிளைவுட் கூடுதலா வேணும். கிட்டத்தட்ட 25 கிலோ கனம், காசு தனி. வேகமும் வேணும் விலையும் குறையணும்னு நினைச்ச நான், பென்சில் ரப்பரை எடுத்து அந்தப் பெட்டிகளை அழிச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

மாசி மாசம், தொண்டிக்குப் பக்கத்துல ஒரு கடற்கரை. மெரைன் போலீஸ்ல தகவல் சொல்லிட்டு, என் ஆச்சி மகனைக் கூட்டிக்கிட்டு இறங்கினேன். (ஆச்சின்னா எனக்கு மூத்த அக்கா.) அவனுக்கு அப்ப 14 வயசு. ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். அந்த ஒரு புத்தியாவது இருந்துச்சு.

காலையில அருமையாப் போச்சு. பயல் "அம்மான், இன்னும் வேகமா, இன்னும் வேகமா"ன்னு கத்திக்கிட்டே வந்தான். பகல்ல கடல்காத்து ஏறுச்சு. காத்து இரட்டிப்பானா பாய்மேல தள்ளற விசை நாலு மடங்கு. இது எனக்குப் பேப்பர்ல தெரியும். திரும்பறப்ப பின்காத்துல பாய் படார்னு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் மாறுச்சு. நாங்க ரெண்டு பேரும் தப்பான பக்கம் உட்கார்ந்திருந்தோம். படகு சாய்ஞ்சு, ஓரம் தண்ணிக்குள்ள போய், ரெண்டு எண்றதுக்குள்ள நிறைஞ்சுடுச்சு.

மரம் முழுகாது. ஆனா நிறைஞ்ச படகோட விளிம்பு கடல் மட்டத்துக்கு வந்துடும். ஒரு வாளி அள்ளி வெளிய ஊத்தினா ரெண்டு வாளி உள்ள வரும். அந்தப் பெட்டிகள் இருந்திருந்தா விளிம்பு அரை அடியாவது மேல நின்னிருக்கும். அள்ளி ஊத்திட்டுக் கரைக்கு வந்திருக்கலாம். நாங்க கழுத்தளவு தண்ணியில படகைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தோம். நாற்பது நிமிஷம் இருக்கும். பயல் ஒரு வார்த்தை பேசலை. அழவும் இல்லை. அவன் கை நடுங்கினது மட்டும் படகு வழியா என் கைக்குத் தெரிஞ்சது.

வலை எடுத்துட்டு வந்த ஒரு படகு எங்களைத் தூக்கிச்சு. அதுல இருந்த பெரியவர் கரைக்கு வர்ற வரை திட்டவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்துட்டுத்தான் கேட்டார்.

"ஏன் செட்டியாரே, நல்லா ஓடுது, பார்த்தேன். தண்ணி ஏறினா என்ன செய்யும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேண்ணே. பெட்டி வச்சா கனம் கூடும்னு விட்டுட்டேன்."

அவர் ஒண்ணும் சொல்லலை. பயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எந்திரிச்சுப் போயிட்டார்.

வீட்டுல ஆச்சிகிட்ட மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன். பெட்டி விஷயம் உட்பட. ஆச்சி ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"ரெண்டு ஷீட் பலகைக்கு என் புள்ளையாடா?"

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல என்கிட்ட பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்கு வரும், பக்கத்துலயே உட்காரும், பேசாது. படகை நான் விறகுக்கு அறுத்தேன்.

திருப்பி வரைஞ்சது

அப்பவே விட்டிருக்கலாம். விட முடியலை. வீம்புன்னு நினைக்காதீங்க. பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வரைஞ்சு வைக்கணும்னு இருந்துச்சு.

யோசிச்சப்ப ஒண்ணு புரிஞ்சது. நான் மூணு விஷயம் கேட்டேன்: வேகம், விலை, வீட்டுல செய்யற வசதி. வீட்டுல செய்யறவன்னா யாரு? என்னை மாதிரி ஆள். பலகையை ரெண்டு நூல் தப்பா வெட்டுவான். பசை சரியாக் கலக்க மாட்டான். காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பான். தெரியாத காத்துல பாயை முழுசா ஏத்துவான். தொழிற்சாலையில செய்யற படகுல இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க வேற ஒரு ஆள் இருப்பார். வீட்டுல யாரும் இல்லை. அப்ப அந்தத் தப்பையெல்லாம் வரைபடமே தாங்கணும். செய்யறவன் தப்பு பண்ணுவான்னு நம்பி வரையறதுதான் அவனுக்காக வரையறது.

இப்படி வச்சுப் பார்த்தப்ப மூணே கால் அடி நிலை ஒரு வழி காட்டுச்சு. ஒரு அகலமான படகை வெளிய கொண்டு வர முடியாது. ரெண்டு ஒல்லியான படகைத் தனித்தனியா கொண்டு வந்து, கடற்கரையில சேர்த்துக் கட்டலாமே?

இதை நான் கண்டுபிடிக்கலை. ஜேம்ஸ் வாரம்ங்கற இங்கிலாந்துக்காரர், 1950கள்லயே பாலினேசியத் தீவுப் படகுகளைப் பார்த்து 23½ அடியில இரட்டைப் படகு ஒண்ணைத் தன் கையால கட்டி, அட்லாண்டிக்கைத் தாண்டினவர். 2021 டிசம்பர்ல இறக்கற வரைக்கும் வீட்டுல கட்டறவங்களுக்காகவே வரைஞ்சார். அவரோட 21 அடி 'டிக்கி' படகுல ரோரி மெக்டூகல்ங்கறவர் 1990கள்ல உலகத்தையே சுத்தி வந்தார். பிளைவுட்ல தைச்சு ஒட்டின படகுதான் அதுவும்! வாரம் படகுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ரெண்டு படகையும் சேர்க்கற குறுக்குக் கட்டைகளை போல்ட் போட்டு முடுக்காம கயித்தால கட்டினது.

கயித்தால கட்டறது நமக்குப் புதுசா? கட்டுமரம்ங்கற பேர்லயே கட்டு இருக்கே. அந்த வார்த்தைதான் இங்கிலீஷ்ல கேட்டமரான் ஆச்சு. 1697லயே டாம்பியர்ங்கற கடலோடி சோழமண்டலக் கரையில பார்த்ததா எழுதி வச்சிருக்கார். நம்ம கட்டுமரம் இரட்டைப் படகு இல்லை, மரங்களைச் சேர்த்துக் கட்டின தெப்பம். பேர் மட்டும் அங்க போய் ஒட்டிக்கிச்சு. அதனால "எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்"னு மீசை முறுக்க வேணாம் :-) கட்டு மட்டும் நம்மளது.

கயிறுல ஒரு பெரிய வசதி. இங்க காரைக்குடி சிக்ரியில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, துருவைப் பத்தி வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க. கடல் தண்ணி இரும்பை என்ன செய்யும்னு எங்க ஊர்ல சின்னப் பையனுக்குக் கூட கொஞ்சம் தெரியும். போல்ட் மரத்துக்குள்ள துருப்பிடிச்சா வெளிய தெரியாது. ஒரு நாள் முறியறப்பதான் தெரியும். கயிறு நைஞ்சா கண்ணுக்குத் தெரியும். அவிழ்த்துட்டு வேற கட்டிக்கலாம். தப்பு செய்யப் போறவனுக்கு, தப்பு கண்ணுக்குத் தெரியற பொருள்தான் நல்லது.

சரி, கணக்குக்கு வருவோம். போர் அடிச்சா இந்தப் பத்திகளைத் தாண்டிடுங்க.

பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. ரெண்டை நீளவாக்குல சேர்த்தா 16 அடி, சேர்க்கற இடத்துல ரெண்டு அங்குலம் போகும். அதுதான் படகு நீளம். சாதாரண ஒத்தைப் படகுக்கு வேகத்துல ஒரு சுவர் உண்டு. தண்ணி மட்டத்து நீளத்தை அடியில எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34 ஆல பெருக்கினா எத்தனை நாட்னு வரும். 16 அடிக்கு 5.4 நாட். மணிக்குப் பத்து கிலோமீட்டர். அதுக்கு மேல தள்ளினா தானே கிளப்பின அலை மேல தானே ஏற முடியாம திணறும். ஆனா அகலத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல நீளம் இருக்கற ஒல்லிப் படகு பெரிய அலை கிளப்பாது. அந்தச் சுவர் அதை அவ்வளவா தடுக்காது. என் படகு ஒவ்வொண்ணும் தண்ணி மட்டத்துல ஒண்ணரை அடிக்கும் கம்மியான அகலம். பத்து மடங்கு ஒல்லி. வேகம் அங்கேருந்து வருது. பெரிய பாயும் வேணாம், விலை கூடின மரமும் வேணாம்.

சாயாம நிக்கறதுக்கு அகலம் வேணுமே? தொண்டிப் பக்கம் திருவிழா சமயத்துல நடக்கற பாய்மரப் படகுப் போட்டி பார்த்திருக்கீங்களா? குறுக்கே ஒரு நீளப் பலகையை நீட்டி, அதுல ஆட்கள் போய் உட்கார்ந்து காத்தைச் சமாளிப்பாங்க. பார்க்கவே மயிர்க்கூச்செறியும். அதுக்குப் பயிற்சி வேணும். நம்ம வீட்டுக்காரனுக்கு அது கிடையாது. ரெண்டு படகும் ஏழடி தள்ளி நின்னா அந்த வேலையைப் படகே பார்த்துக்கும்.

அடிப்பாகம் 'வி' வடிவம். ஒரு அடி ஆழம்தான் முங்கும். பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல், கரையோரம் ரொம்பத் தூரம் இடுப்பளவுதான். அதுக்குச் சரியா இருக்கும்.

அடுத்தது பெட்டி. ஒவ்வொரு படகையும் குறுக்குச் சுவர் வச்சு மூணு அறையாப் பிரிச்சேன். எந்த ஒரு அறையில தண்ணி நிறைஞ்சாலும் மத்த அஞ்சும் தாங்கணும். முன்கோடியிலயும் பின்கோடியிலயும் தெர்மாகோல் அடைப்பு, ஒட்டினது சரியில்லாம தண்ணி கசிஞ்சா கூட இருக்கட்டும்னு. இந்தச் சுவருங்களுக்கும் மூடிக்கும் 2 ஷீட் கூடுதல். மொத்தம் 8 ஷீட். இந்தத் தடவை ரப்பர் என் பக்கத்துலயே இல்லை.

கட்டினது

2024ல ஆரம்பிச்சேன். பிளைவுட் வாங்கறதுல ஒரு பாடம். மெரைன் பிளைக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. அந்தத் தரத்துல 72 மணி நேரம் தண்ணியில கொதிக்க வச்சாலும் அடுக்கு பிரியக்கூடாது. சாதாரணமா 'பி.டபிள்யூ.ஆர்'னு விக்கறதுக்கு 8 மணி நேரம்தான். ரெண்டு இடத்துலேருந்து துண்டு வாங்கிட்டு வந்து பின்கட்டு விறகடுப்புல கொதிக்க வச்சேன். "மெரைன்"னு பளபளன்னு முத்திரை குத்தின ஒரு துண்டு ரெண்டாவது மணி நேரத்துலயே வெங்காயம் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. இன்னொண்ணு காலையிலேருந்து ராத்திரி வரை கொதிச்சும் கம்முன்னு கிடந்துச்சு. ஆத்தா அடுப்பைப் பார்த்துட்டு "இன்னிக்கு என்னப்பா, பலகைச் சாம்பாரா?"ன்னு கேட்டாங்க. முத்திரையை நம்பாதீங்க, கொதிக்க வச்சுப் பாருங்க.

நம்ம ஊர் மெரைன் பிளை கனமும் ஜாஸ்தி. 6 மி.மீ. ஷீட் ஒண்ணு எடை போட்டா 12 கிலோவுக்கு மேல வருது. வெளிநாட்டுப் படகு பிளான்கள்ல நினைக்கிற ஒகூமே மரப் பிளை 8 கிலோ அளவுலதான் இருக்கும். அந்தப் பிளானை அப்படியே இங்க எடுத்துச் செஞ்சா படகு நினைச்சதை விட ஆழமா முங்கும். நான் சொந்தமா வரைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் எபாக்ஸி. சித்திரை வெயில்ல அரைக் கிலோ மொத்தமாக் கலந்தேன். ரெண்டும் சேர்ந்தா தானே சூடாகும், குவியலா இருந்தா சூடு வெளிய போகாது. பத்து நிமிஷத்துல புகை வந்து பிளாஸ்டிக் மக்கு உருகி, ஆத்தங்குடிக் கல் தரையில ஒட்டிக்கிச்சு. பெரியப்பச்சி முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன் :-( அதுக்கப்புறம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, நூறு நூறு கிராமாக் கலந்து, அகலமான தட்டுல பரப்பி வச்சு வேலை பார்த்தேன். வரைபடத்து ஓரத்துல இதையும் எழுதி வச்சிருக்கேன்.

மொத்தச் செலவு ஒரு நல்ல பைக் விலைக்குள்ள அடங்கிடுச்சு. குறுக்குக் கட்டைக்குச் சவுக்குக் கம்பு. பாய் நானே தைச்சது, 10 சதுர மீட்டர். படகு, கட்டை, பாய் எல்லாம் சேர்த்து 210 கிலோ.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பங்காளிகள் ஆறு பேர் பிடிச்சு ஒவ்வொரு படகா வெளிய எடுத்தோம். வளவுலேருந்து நேரா, ஒரு கதவு, அடுத்த கதவு, முகப்பு, தெரு. எங்கயும் திருப்பவே வேண்டி வரலை. அந்த வீட்டைக் கட்டினவங்க என்ன நினைச்சு எல்லாக் கதவையும் ஒரே கோட்டுல வச்சாங்களோ, 16 அடிப் படகுக்கு அளவெடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு.

கண்மாய்

கடலுக்குக் கொண்டு போகலை. 2025 தை மாசம், மழை பெய்ஞ்சு நிறைஞ்சு கிடந்த ஒரு கண்மாய்க்குக் கொண்டு போனேன். கரையில ரெண்டையும் கட்டினோம். தொண்டிப் பெரியவரைக் கூப்பிட்டிருந்தேன். அவர்தான் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார். நான் போட்ட முதல் கட்டை உதறிப் பார்த்துட்டு "இது வேட்டி கட்டறதுக்கு ஆகும்"னு அவிழ்த்துட்டார்.

ஆச்சிக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். வரும்னு நினைக்கலை. வந்து கரையில வேப்பமரத்தடியில நின்னுச்சு.

நான் மட்டும் இறங்கினேன். இடது படகோட நடு அறை மூடியைத் திறந்து வாளியால கண்மாய்த் தண்ணியை அள்ளி அள்ளி ஊத்தினேன். நிறைஞ்சுது. ஒரு அஞ்சு விரல் கடை சாய்ஞ்சுது, நின்னுடுச்சு. முன் அறையையும் திறந்து ஊத்தினேன். வரைபடத்துல ஒண்ணுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தேன், இது அதுக்கு மேல. மூக்கு இறங்குச்சு. ஆனா மிதந்துச்சு. நான் மேடை மேல எந்திரிச்சு நின்னேன். பெரியவர் கரையிலேருந்து "குதிங்க"ன்னார். குதிச்சேன். ஆடிச்சு, நின்னுச்சு.

இரட்டைப் படகுக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. அது சுலபமாக் கவிழாது, ஆனா கவிழ்ந்தா தானா நிமிராது. தலைகீழா மிதந்துக்கிட்டே இருக்கும். அதனால காத்து ஏறறதுக்கு முன்னாடியே பாயைச் சுருக்கணும். எந்தக் காத்துக்கு எவ்வளவு பாய்னு மேடையிலயே பெயிண்ட்ல எழுதியிருக்கேன். அதையும் கரையில நின்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னேன். முக்கியமா ஒருத்தர் காதுல.

ஆச்சி தண்ணியோரம் வரை வந்து, நனைஞ்சு நிக்கற என்னைப் பார்த்து, மூணு வருஷத்துல முதல் தடவையா நேரா கேட்டுச்சு:

"பெட்டி எத்தனை?"

"ஆறு ஆச்சி."

"ம்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

பங்குனியில தொண்டிக் கடல்ல இறக்கினோம். போன்ல இருக்கற ஜி.பி.எஸ். 7½ நாட் காட்டுச்சு, மணிக்குப் 14 கிலோமீட்டர். பிரமாதம்னு சொல்ல முடியாது, ஆனா 16 அடிக்கு அந்தச் சுவரைத் தாண்டின வேகம். முதல் மூணு தடவை பயலை ஏத்தலை. நாலாவது தடவை ஆச்சியே அனுப்புச்சு. அவனுக்கு இப்ப 17. முன்னாடி மாதிரி "இன்னும் வேகமா"ன்னு கத்தலை. ஒவ்வொரு கட்டையும் கையால தொட்டுப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தான்.

தெரிஞ்சவங்க ரெண்டு பேர் பிளான் கேக்கறாங்க. இன்னும் கொடுக்கலை. காரணம் இதுதான். என் வரைபடம் எனக்குப் புரியுது, ஏன்னா நான் வரைஞ்சது. வேற ஒருத்தன் கையில கொடுத்து, நான் வாயைத் திறக்காம இருந்து, அவன் எங்க முழிக்கிறான்னு பார்க்கணும். அவன் தப்பு பண்ற இடமெல்லாம் வரைபடத்துல நான் விட்ட இடம். அந்த 'வேற ஒருத்தன்' பயல்தான். லீவுல ரெண்டாவது படகை அவனே கட்டப் போறான். நான் வளவுத் திண்ணையில உட்கார்ந்து நோட்டுல குறிச்சுக்கிட்டு மட்டும் இருப்பேன். சிவப்பு மை பேனா ஒரு டஜன் வாங்கியாச்சு.

நேத்து ஆச்சி வந்து காசு கொடுத்துட்டுப் போச்சு. எண்ணிப் பார்த்தேன்.

"ஆச்சி, எட்டு ஷீட்தானே? கூட இருக்கு."

"பத்தா வாங்கிக்க."